கொஞ்சம் லைன்ல இருங்க

எங்கள் வீட்டில் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியை இரண்டு முறை தட்ட வேண்டும். அதுதான் என் பெயர். மூன்று வயதில் அம்மா வைத்தது. கோபம் வந்தால் எனக்கு முதலில் மூக்குதான் சிவக்குமாம். பேசுகிறவர்கள் வீடாக இருந்தால் "இவளுக்கு மூக்குக்கு மேல கோபம்" என்று சலித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் என் குணத்தை எனக்கே பெயராகச் சூட்டிவிட்டார்கள். பெரியம்மாவின் பெயர், கன்னத்தில் குழி விழுகிற இடத்தில் விரலை வைத்து ஒரு திருகு திருகுவது. இன்னும் குழி விழுகிறது, எழுபது வயதில்.

நடந்ததற்கெல்லாம் முதல் காரணம் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் மற்றவர்களைத்தான் திட்டப்போகிறேன்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் இருக்கிறேன். "கொஞ்சம் லைன்ல இருங்க" என்பதை ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வேன். ஒரு நாள் கன்னம் வீங்கிய ஒருவர் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். டாக்டர் உள்ளே வேறொரு பல்லோடு போராடிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் இவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். புதிதாக வந்திருக்கிற இன்டர்நெட் கம்பெனியில் விற்பனையாளராம். வீட்டுக்கு எந்த லைன், மாதம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"பாதி விலைக்கு, ரெண்டு மடங்கு வேகம் தர்றேன் மேடம். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். பழைய கம்பெனிக்கு நாங்களே தகவல் அனுப்பிடுவோம். சனிக்கிழமை காலையில அது நிக்கும், மத்தியானம் இது வரும்."

வலியில் இருக்கிற மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்துவிட்டேன். அவர் பொய் சொல்லவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு லைன் அம்மா பெயரில் இருந்தது. பழைய கம்பெனியில் காது கேட்காதவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மருத்துவச் சான்றிதழைக் கொடுத்து ஆறு வருடத்துக்கு முன்னால் நான்தான் அம்மா பெயரில் வாங்கினேன். விலகுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அப்போது ஒரு தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்திருப்பார்கள். யார் படித்தது?

சனிக்கிழமை காலையில் பழைய லைன் சொன்ன நேரத்துக்கு நின்றது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சுத்தம். மத்தியானம் புதிய கம்பெனி டெக்னீஷியன் வந்தார், ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டினார், அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் மொபைலைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பழையவங்க லைனை இன்னும் விடுவிக்கலயே மேடம். உள்ள வர்ற கேபிள் ஒண்ணுதான். அவங்க விட்டாதான் நாங்க ஏத்த முடியும்."

"காலையிலயே நிறுத்திட்டாங்களே?"

"நிறுத்தறது வேற, விடறது வேற மேடம்."

மாட்டிய பெட்டியை மாட்டியபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாதாரணமான வாரமாக இருந்திருந்தால் நான் இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கியிருப்பேன். இது சாதாரணமான வாரம் இல்லை. பெரியம்மா கடல் தாண்டி மகன் வீட்டில் இருக்கிறாள். அம்மாவும் அவளும் தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோவில் பேசுவார்கள். அங்கே அது காலை நேரம். பெரியம்மாவின் கழுத்தில், கைகளுக்கு நரம்பு பிரிகிற இடத்தில், ஒரு கட்டி. வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எடுக்காவிட்டால் ஆபத்து, எடுத்தால் கை பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதிக் காட்டியிருந்தார். விரல் அசையலாம், அசையாமலும் போகலாம்.

பெரியம்மாவின் கைதான் பெரியம்மாவின் வாய். அம்மாவோடு அறுபத்தைந்து வருடமாகப் பேசிய கை அது. ஆபரேஷனுக்கு முன்னால் அந்த இரண்டு கைகளும் முழுதாக இருக்கிறபோது அவர்கள் பேசி முடிக்க வேண்டும். இருந்தது ஒரு வாரம். அந்த வாரத்தைத்தான் நான் பாதி விலைக்கு விற்றிருந்தேன்.

திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில் பழைய கம்பெனியைக் கூப்பிட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பதிவுக் குரல் நாற்பது நிமிடம் சொன்னது. கொண்டுபோன சாப்பாடு ஆறி, இடைவேளையும் முடிந்து, டாக்டர் வெளியே எட்டிப் பார்த்து முறைத்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

"விலகிப்போற எல்லா வாடிக்கையாளர்கிட்டயும் நாங்க போன்ல உறுதி கேட்டுப்போம் மேடம். உங்க அம்மா நம்பருக்கு மூணு தடவை கூப்பிட்டிருக்கோம். அவங்க எடுக்கவே இல்லை."

"அவங்களுக்குக் காது கேக்காது."

"அப்படியா மேடம். அப்போ அவங்களுக்கு எந்த நேரம் வசதின்னு சொல்லுங்க, அந்த நேரத்துல கூப்பிடறோம்."

"உங்க முன்னாடி கம்ப்யூட்டர் இருக்குல்ல? அதுல அவங்க பேருக்குப் பக்கத்துல என்ன சலுகைன்னு போட்டிருக்கு? கொஞ்சம் படிங்க."

"செவித்திறன் குறைபாட்டுச் சலுகை மேடம்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன் மேடம். ஆனா அது பில் பிரிவு போடறது. நாங்க விலகல் பிரிவு."

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதினால் அம்மா படித்துவிடுவாள். வரிசையில் இருந்த மூன்று நோயாளிகள் பல்வலியை மறந்து என்னையே பார்த்தார்கள். காது கேட்காது, பேச வராது, போனில் சம்மதம் சொல்ல அவளால் முடியாது, ஒரு தரம் சொன்னால் உறைக்காதா என்று கத்தினேன். அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க தகவலைக் குறிச்சுக்கிட்டேன் மேடம்" என்றாள். அந்தக் குறிப்புதான் மறுநாள் என் கழுத்தை அறுத்தது.

செவ்வாய்க்கிழமை நான் செய்ததை நியாயப்படுத்தப் போவதில்லை, விளக்கம் மட்டும் சொல்கிறேன். ஆறு வயதிலிருந்து அம்மாவின் குரல் நான்தான். வாடகை வீட்டுக்காரரிடம், வங்கியில், மின்சார அலுவலகத்தில், எல்லா இடத்திலும். "என் பொண்ணுக்கு ஜுரம், இன்னைக்கு ஸ்கூலுக்கு வர மாட்டா" என்று என் பள்ளிக்கூடத்துக்கே நான் அம்மாவாகப் பேசியிருக்கிறேன், ஜுரமே இல்லாதபோதும். எனவே வேறொரு நேரத்தில் வேறொரு ஆள் எடுப்பார் என்ற தைரியத்தில் போன் செய்து, குரலைக் கொஞ்சம் தளர்த்தி, அம்மாவின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சொல்லி, "நான்தான் பேசறேன், எனக்குச் சம்மதம்" என்றேன்.

அந்தப் பக்கம் இந்த முறை ஓர் ஆண். தட்டச்சு செய்கிற சத்தம் நின்றது.

"மேடம், கணக்கு உரிமையாளருக்குப் பேச வராதுன்னு நேத்து குறிப்பு போட்டிருக்கே. நீங்க யாரு?"

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அம்மாவின் குரல் மாட்டிக்கொண்டது.

"ஆள்மாறாட்ட முயற்சின்னு கணக்கை நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு முடக்கறோம் மேடம். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் உரிமையாளரே நேர்ல எங்க சேவை மையத்துக்கு வரட்டும். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

உதவியாம்.

எங்கள் வீடு கட்டடத்தின் அடித்தளத்தில், பாதி தரைக்குள் இருக்கிறது. மொபைல் சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும், குரலுக்குப் போதும், படத்துக்குப் போதாது. குரலில் பேசுகிறவர்களுக்கு லைன் இரைந்தால்கூடப் பாதி புரிந்துவிடும். கையால் பேசுகிறவர்களுக்குப் படம் உறைந்தால் எல்லாம் போச்சு; தூக்கிய கை தூக்கியபடி நிற்கும், சொல்ல வந்தது காற்றோடு போய்விடும். எதிர் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்து பேசச் சொன்னார். அங்கே டிவி ஓடும், நாலு பேர் வருவார்கள் போவார்கள். அடுத்தவர் கூடத்தில் உட்கார்ந்து அழ முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அதனால் சனிக்கிழமையிலிருந்து தினமும் மாலை தெருமுனை பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அம்மாவுக்குப் பேச இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனைப் பிடித்துக்கொள்வது நான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் ஏதோ வித்தை காட்டுவதுபோல் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் தன் போனைத் தூக்கிப் படம்கூட எடுத்தான். நான் பார்த்த பார்வையில் வராத பஸ்ஸில் ஏறுகிறவன்போல் நகர்ந்துபோனான்.

புதன்கிழமை பெரியம்மா எதையோ சொல்ல ஆரம்பித்தாள். "சின்ன வயசுல அந்த வீட்டுல நடந்தது..." என்று கை போனது. சட்டென்று நின்றது. போனைப் பிடித்திருந்த என் விரல்கள் திரை ஓரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூக்கு நுனியை இரண்டு தடவை தட்டி, "இவ இருக்காளே" என்றாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் மாத்திரை பற்றியும் மழை பற்றியும் பேசினார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது கேட்கிற அக்கா தங்கைகள் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுவார்கள். இவர்களுக்குக் கதவு வேண்டும், கூடவே வெளிச்சமும் உறையாத படமும் வேண்டும். அது ஒன்றுதான் இவர்களின் குசுகுசு. அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து பஸ் நிறுத்தத்தில் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "எப்போ வரும்? உண்மையைச் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவளாக நடித்ததையும் சொன்னேன்.

"என்னைக் கேட்டியா?" என்றாள். "மாத்தறப்பவும் கேக்கல. நானா நடிக்கறப்பவும் கேக்கல."

சேவை மையத்தின் முகவரியைப் போனில் காட்டினேன்.

"வெள்ளிக்கிழமை அவகிட்ட நான் தனியா பேசணும். நாளைக்கு நானே வர்றேன்."

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். சேவை மையத்தில் குளிர்சாதனம் பற்களைத் தந்தியடிக்க வைத்தது. சுவரில் ஒரு குடும்பம் மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். எங்கள் எண்ணைச் சத்தம் போட்டுத்தான் கூப்பிட்டார்கள், பலகையில் காட்டவில்லை. கவுன்டரில் டை கட்டிய ஒருவர், என் வயது இருக்கும், களைத்த முகம். அம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா நான் இங்கிருந்து லைனை விடுவிக்க முடியாது. விலகல் பிரிவுக்குப் போன் போட்டுத் தர்றேன். உரிமையாளர் 'சம்மதம்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும், குரல் பதிவாயிடும்."

"அவங்க உங்க கண்ணு முன்னாடியே நிக்கறாங்க."

"என் கண்ணுக்குத் தெரியுது மேடம். சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

"எழுதித் தருவாங்க. கையெழுத்துப் போடுவாங்க. ரேகை வேணுமா, பத்து விரலும் வெப்பாங்க."

"எழுத்துல வாங்க எங்ககிட்ட ஃபார்ம் இல்லை மேடம்."

"காது கேக்காதவங்களுக்குச் சலுகை கொடுக்க ஃபார்ம் இருக்கு. அவங்க வெளிய போக மட்டும் ஃபார்ம் இல்லயா? இது என்ன கம்பெனியா, எலிப்பொறியா?"

பின்னால் வரிசை நெளிந்தது. அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். "ரூல் நான் போடல மேடம்" என்றார். இந்த வாரம் முழுக்க நான் பார்த்தவர்களில் ஒருவர்கூட எதையும் போடவில்லை. எல்லாம் தானாகவே முளைத்திருந்தது.

அம்மா என் கையைத் தொட்டாள். "என்ன சொல்றார்?"

அம்மா கடைசியாக வெளி ஆட்கள் முன்னால் வாய் திறந்து பேசியது எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு பஸ்ஸில். நாங்கள் இறங்க வேண்டிய இடம் என்று கத்தினாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அதற்கும் முன்னால், அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கையால் பேசினால் விரல்மேல் ஸ்கேலால் அடிப்பார்கள். கையைத் தொண்டையில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்து, கேட்காத சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். அம்மாவுக்குக் குரல் இருக்கிறது. வீட்டுக்குள் என்னைக் கூப்பிடுவாள், சிரிப்பாள், கோபம் வந்தால் ஒரு சத்தம் போடுவாள். அது எங்கள் வீட்டுக் குரல். அதை இந்தக் கவுன்டரில் கொண்டுவந்து வைக்க நான் தயாராக இல்லை.

"நாளைக்கு வரச் சொல்றார்" என்று கையால் பொய் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவர் உதட்டைப் பார்த்தாள். முப்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். பெரிய பெரிய இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. அந்தக் கூடத்தில் உதட்டைப் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் அவளிடம்தான் கைப்பேச்சு கற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

"சம்மதம்னு சொல்லணும். அவ்வளவுதானே?" என்றாள்.

"வேண்டாம்மா."

"உன்னைக் கேக்கல."

கவுன்டர்காரரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் எண்ணை அழுத்தி, இரண்டு வார்த்தை பேசி, ரிசீவரைத் தந்தார். அம்மா அதை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள், காதில் வைக்கவில்லை. வைத்து என்ன? இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்தாள், அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்ததைப்போல. நான் தலையசைத்ததும் சொன்னாள்.

அந்தக் குரலை நான் விவரிக்கப் போவதில்லை. ரிசீவரின் அந்த முனையிலிருந்து எனக்குத் தெளிவாகக் கேட்டது: "சரியா கேக்கல மேடம். மறுபடி சொல்லுங்க."

நான் கையால் சொன்னேன். அம்மா மறுபடி சொன்னாள். வரிசையில் யாரோ சிரிப்பை மூக்கால் அடக்கினார்கள். திரும்பினேன். நல்ல சட்டை போட்ட ஓர் ஆள்.

"என்ன சிரிப்பு? சொல்லுங்க, எல்லாரும் சிரிப்போம்" என்றேன்.

அவர் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

"தெளிவா ஒரு தடவை மேடம், சிஸ்டம் எடுக்கல" என்றது ரிசீவர். எனக்கு அந்தக் கருவியைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அடித்திருப்பேன். அம்மா என் கண்ணைப் பார்த்து, தொண்டையில் வைத்திருந்த கையை எடுத்து, மூக்கு நுனியை இரண்டு முறை தட்டினாள். அடங்கு என்று பொருள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கட்டடத்தின் கண்ணாடி அதிர, மூன்றாம் முறை சொன்னாள்.

"பதிவாயிடுச்சு மேடம். இருபத்து நாலு மணி நேரத்துல லைன் விடுவிக்கப்படும். எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி."

டை கட்டியவர் நிமிரவே இல்லை. "சாரிம்மா" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அவர்கிட்ட சொல்லு. இந்தச் சலுகை இல்லாம முதல்லயே முழு விலை வாங்கியிருந்தா எங்களுக்கு மலிவா முடிஞ்சிருக்கும்." அதை நான் வார்த்தை மாறாமல் சொன்னேன். அம்மாவின் குரலாக இருந்ததில் அன்றைக்குத்தான் ரொம்பத் திருப்தி.

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். துக்கத்தால் இல்லை, வயிற்றெரிச்சலால். அம்மா கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"உனக்குக் கோபமே வரலயா?" என்று கேட்டேன்.

"வந்தது. நாளைக்கு அவகிட்ட காட்டறதுக்கு வெச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வீடு வந்தேன். சிவப்பு விளக்கு. ஐந்தரைக்கும் சிவப்பு. அம்மா நல்ல உடை உடுத்தி, தலை வாரி, மடிக்கணினி முன்னால் மேஜை விளக்கைத் தன் கைகளில் வெளிச்சம் விழுகிற மாதிரி திருப்பி வைத்திருந்தாள். வெளியே மழை. ஐந்து நாற்பத்தைந்துக்கு நான் குடையை எடுத்தேன். பஸ் நிறுத்தத்தில் கூரை ஒழுகும், ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், நடுவில் நான் என்ற மூன்றாவது ஆள். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. புதிய கம்பெனிக்குப் போன் போட்டேன், பிஸி. கன்னம் வீங்கியவருக்குப் போட்டேன், அவர் எடுக்கவில்லை. போன வாரம்தான் அவருடைய பல்லை எடுத்திருந்தார்கள், மயக்க ஊசி போட்டு. ஊசி இல்லாமல் எடுத்திருக்க வேண்டும்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அம்மா என் முதுகில் அடித்தாள். திரும்பினேன். விளக்கு பச்சை.

ஆறு மணிக்குத் திரையில் பெரியம்மா வந்தாள். ஆஸ்பத்திரி உடை, பின்னால் வெள்ளைத் திரைச்சீலை. கையில் குத்தியிருந்த குழாயை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று அவள் மகன் நர்ஸிடம் கெஞ்சிக் கழற்ற வைத்திருந்தானாம். இரண்டு கையும் காலியாக இருந்தன. படம் உறையவில்லை. விரல் நுனிவரை தெரிந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும், புதிய லைன் நல்ல லைன்.

அம்மா என்னைப் பார்த்தாள். கதவைக் காட்டினாள்.

நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கைப்பேச்சுக்குச் சத்தம் கிடையாது என்று நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டில் வளரவில்லை. உள்ளங்கையில் உள்ளங்கை அடிக்கிறது, மேஜை தட்டப்படுகிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது. சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டது, ஒன்றும் புரியவில்லை. பிறகு அம்மா அழுகிற சத்தம். அந்த வீட்டில் நடந்தது என்னவோ, அது இப்போது சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை, பார்க்கவில்லை. இனிமேல் கேட்கப்போவதும் இல்லை.

என் போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம் மேடம், நாங்க..." என்று பழைய கம்பெனியின் பெயரைச் சொன்னாள் ஒரு பெண். தேன் தடவிய குரல். "வாடிக்கையாளர் தக்கவைப்புப் பிரிவிலருந்து பேசறோம். நேத்து இந்த நம்பரைத்தான் மாற்று நம்பரா கொடுத்திருக்கீங்க. உங்க அம்மா எங்களை விட்டுப் போறது எங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். அவங்களுக்காகவே ஒரு சிறப்புச் சலுகை வெச்சிருக்கோம். அவங்ககிட்டயே நேரடியா ரெண்டு நிமிஷம் பேசணும், முடியுமா?"

என் மூக்கு சிவப்பது எனக்கே தெரிந்தது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த வசவெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றது. வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து, கதவுக்கு அந்தப் பக்கம், அம்மா சொன்னாள்.

"சம்மதம்!"

சத்தமாக, கண்ணாடி அதிர. பிறகு மறுபடியும், ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நடித்துக் காட்டுகிற மாதிரி இழுத்து, "சம்ம்மதம்!" அவளுக்குக் கேட்காத அவள் குரலை, கேட்கவே முடியாத அக்காவுக்கு நடித்துக் காட்டுகிறாள். டை கட்டியவரையும் காட்டியிருப்பாள், நல்ல சட்டைக்காரரையும் காட்டியிருப்பாள். என்னையும் விட்டிருக்க மாட்டாள். பெரியம்மாவின் சிரிப்பு கணினி வழியாகப் பீறிட்டு வந்தது. இரண்டு கிழவிகளும் மேஜையை அடித்து அடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்து மறுபடியும் கைகள் வேகம் எடுத்தன.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

நாக்கு நுனியில் நின்றதையெல்லாம் விழுங்கினேன். வேலையிடத்துக் குரலை எடுத்தேன்.

"இருக்கேன். ஆனா அம்மா இப்போ பேசிட்டிருக்காங்க" என்றேன். "கொஞ்சம் லைன்ல இருங்க. உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

போனை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மல்லாக்க வைத்தேன். "ஹலோ மேடம், ஹலோ" என்று அது கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் காலையில் போட்டுவைத்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தேன். பெரியம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.